மேசை நடுவே ஒரு நெருப்பு

தென்கொரியாவின் தலைநகரான சியோலில் ஒரு சனவரி மாதத்து இரவு. வெளியே வெப்பநிலை சுழிக்குக் கீழே 9 பாகை. கருத்தரங்கு ஒன்றிற்காகச் சென்றிருந்த என்னை, அங்கு ஆய்வு மாணவராக இருக்கும் கொரிய இளைஞர் ஒருவர் சிறிய உணவு விடுதி ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். பகட்டில்லாத விடுதி அது. மாணவர்களும் தொழிலாளர்களும் வேலை முடிந்து வந்து, நண்பர்களோடு பேசிக்கொண்டே உண்ணும் இடம்.

உள்ளே வட்டமான இரும்பு மேசைகள். ஒவ்வொரு மேசையின் நடுவிலும் ஒரு குழி. நாங்கள் உட்கார்ந்ததும், செக்கச் சிவந்த அடுப்புக்கரி நிறைந்த இரும்புச் சட்டி ஒன்றை ஒருவர் தூக்கிவந்து குழிக்குள் இறக்கினார். அதன்மேல் ஒரு கம்பி வலையை வைத்தார். கூரையிலிருந்து யானையின் துதிக்கைபோல் தொங்கிய உலோகக் குழாயைக் கீழே இழுத்து, வலைக்கு ஒரு சாண் உயரத்தில் நிறுத்தினார். பின்னர் கிம்ச்சி முதலிய தொடுகறிகள் சிறு சிறு தட்டுகளில் வந்து மேசையை நிறைத்தன. கூடவே மெல்லியதாக அரிந்த பச்சை இறைச்சி, ஓர் இடுக்கி, ஒரு கத்தரிக்கோல்! சமைப்பவர் யார் என்று கேட்கிறீர்களா? உண்பவர்கள்தாம். இறைச்சியை வலைமேல் இட்டுச் சுட்டு, கத்தரிக்கோலால் நறுக்கி, கீரை இலையில் சுருட்டி உண்பது அவர்கள் வழக்கம்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் முதுகுப்புறத்துச் சன்னல் ஒரு சாண் அளவு திறந்தே கிடந்தது. குளிர்காற்று கழுத்தைக் குத்தியது. "சாத்திவிடலாமா?" என்று சைகையால் கேட்டேன். விடுதியின் உரிமையாளர் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார். அவர் சிரித்துக்கொண்டே முடியாது என்று தலையசைத்தார். பிறகு மேசை நடுவே இருந்த நெருப்பைச் சுட்டிக் காட்டினார்.

நெருப்புக்கும் சன்னலுக்கும் என்ன தொடர்பு? மாணவர்களே, அதை அறிய வேண்டுமானால் நெருப்பிலிருந்தே நாம் பாடத்தைத் தொடங்க வேண்டும்.

சுடர் இல்லை, சூடு உண்டு

அந்தக் கரியில் சுடர் இல்லை. கண்ணுக்குத் தெரிந்த புகையும் இல்லை. ஆயினும் வலைமீது வைத்த இறைச்சி ஒரு நிமிடத்தில் சுருண்டு சிவந்தது. வெப்பம் எவ்வாறு அதை அடைந்தது?

வெப்பம் பரவும் முறைகள் மூன்று என்று படித்திருக்கிறீர்கள்: கடத்தல், சலனம், கதிர்வீசல். சூடேறிய கம்பி வலை இறைச்சியைத் தொடும் இடங்களில் கடத்தல் நடைபெறுகிறது. இறைச்சியில் விழும் கறுப்புக் கோடுகள் அதன் அடையாளம். கரியைச் சுற்றிச் சூடான காற்று மேலெழுந்து தழுவுவது சலனம். ஆனால் இங்கே பெரும்பங்கு வேலையைச் செய்வது மூன்றாவது முறையான கதிர்வீசலே.

சூடான பொருள் ஒவ்வொன்றும் கதிர்களை வீசுகிறது. ஒரு பரப்பு ஒரு வினாடியில் வீசும் ஆற்றல் அதன் தனி வெப்பநிலையின் நான்மடிக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்று 1879-ஆம் ஆண்டில் ஸ்டெஃபான் என்னும் அறிஞர் கண்டார். 1884-இல் போல்ட்ஸ்மன் அதைக் கொள்கை வழியே நிறுவினார். செல்சியஸ் அளவோடு 273-ஐக் கூட்டினால் தனி வெப்பநிலை கிடைக்கும். நான்மடி என்பது ஓர் எண்ணை நான்கு முறை எழுதிப் பெருக்குவது.

நன்கு சிவந்த கரியின் வெப்பநிலையை 800 பாகை செல்சியஸ் என்று கொள்வோம். தனி அளவில் அது 1,073 கெல்வின். விதிப்படி கணக்கிட்டால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பும் ஏறத்தாழ 7.5 வாட் ஆற்றலை வீசவேண்டும். 20 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள கரிப்படுகையின் பரப்பு 400 சதுர செ.மீ. அது வீசும் ஆற்றல் 3,000 வாட்! பெரிய மின்னடுப்பு ஒன்றின் ஆற்றலுக்கு இது குறைந்ததன்று.

அதே கரி 600 பாகைக்குக் குளிர்ந்துவிட்டால்? வெப்பநிலை கால்பங்குதான் குறைந்தது. கதிர்வீசலும் கால்பங்குதான் குறையும் என்று எண்ணிவிடாதீர்கள். கணக்கிட்டால் சதுர சென்டிமீட்டருக்கு 3.3 வாட்தான் வருகிறது. பாதிக்கும் குறைவு! நான்மடியின் வேலை இது. கரிமீது சாம்பல் பூத்ததும் பணியாளர் வந்து இடுக்கியால் கிளறி, உள்ளே மறைந்திருக்கும் சிவந்த பரப்பை வெளிக்கொணர்வதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

இன்னொரு வியப்பு. இந்த 3,000 வாட்டில் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி எவ்வளவு? பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவை அனைத்தும் அகச்சிவப்புக் கதிர்கள். 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, சிவப்பு நிறத்திற்கு அப்பால் ஒளியே இல்லாத இடத்தில் வெப்பமானியை வைத்தபோது கண்டறிந்தாரே, அதே கதிர்கள்தாம். கரியின் செந்நிற அழகு வெறும் அறிவிப்புப் பலகை. உண்மையில் சமைப்பது நாம் காணாத கதிர்.

இந்த நெருப்பைப் பற்றி நாம் கற்கும் முதற்பாடம் இது: இதன் முக்கியமான வேலை கண்ணுக்குத் தெரிவதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

மெல்லியதாக ஏன் அரிகிறார்கள்?

கொரியர்கள் "புல்கோகி" என்று சொல்லும் உணவுக்கு இறைச்சியை 2, 3 மி.மீ. கனத்தில் அரிகிறார்கள். "புல்" என்றால் நெருப்பு. "கோகி" என்றால் இறைச்சி. "கல்பி" என்பது விலா இறைச்சி. அதை எலும்போடு ஒட்டியபடியே சுருளை விரிப்பதுபோல் மெல்லிய தகடாக விரித்துவிடுகிறார்கள்.

இதற்கும் ஒரு விதி உண்டு. மேற்பரப்பில் விழும் வெப்பம் உள்ளே செல்வது கடத்தலால்தான். இறைச்சியோ பெரும்பகுதி நீர். அது வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். வெப்பம் நடுப்பகுதியை எட்ட ஆகும் நேரம், கடக்கவேண்டிய தூரத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் உள்ளது. தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு.

இரு பக்கமும் சூடேறும் 3 மி.மீ. துண்டில் வெப்பம் நடுப்பகுதியை அடைய ஏறத்தாழ 17 வினாடி போதும். 1 செ.மீ. துண்டுக்கு 3 நிமிடங்களுக்கு மேல் ஆகும். 3 செ.மீ. கனமுள்ள துண்டுக்கோ அரைமணி வேண்டும். அதற்குள் வெளிப்புறம் கரிந்து போகும்! மேசையைச் சுற்றிப் பசியோடு உட்கார்ந்திருப்பவர்கள் அரைமணி காத்திருப்பார்களா? அரிகிற கத்தியே அங்கு பாதிச் சமையலை முடித்துவிடுகிறது.

நூறு பாகையில் ஒரு தடை

வலைமேல் இட்ட இறைச்சி முதலில் வெளிறுகிறது. நீர் முத்து முத்தாய்க் கசிந்து கொதிக்கிறது. சிறிது நேரம் நிறமாற்றமே இல்லை. பிறகு திடீரென்று பொன்னிறமும் நறுமணமும் தோன்றுகின்றன. இந்தத் தயக்கம் எதனால்?

மேற்பரப்பில் ஈரம் உள்ளவரை அதன் வெப்பநிலை 100 பாகையைத் தாண்டாது. வரும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகிறது. ஒரு கிராம் கொதிநீர் ஆவியாக 2,260 ஜூல் உள்ளுறை வெப்பம் தேவை. 30 கிராம் துண்டு ஒன்றின் மேற்பரப்பிலிருந்து 3 கிராம் நீர் வெளியேற வேண்டுமானால் 6,780 ஜூல் வேண்டும். அத்துண்டு வினாடிக்கு 150 ஜூல் பெறுவதாகக் கொண்டால், 45 வினாடி இதற்கே போய்விடும்.

ஈரம் போனபின்தான் மேற்பரப்பு 140 பாகையை எட்டுகிறது. அப்போது இறைச்சியிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் ஒன்றோடொன்று வினைபுரிந்து, மணமும் நிறமும் தரும் நூற்றுக்கணக்கான புதிய சேர்மங்களை உண்டாக்குகின்றன. 1912-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் மயார் இவ்வினையை விளக்கினார். அது அவர் பெயராலேயே வழங்குகிறது. ரொட்டியின் மேலோடும், வறுத்த காப்பிக்கொட்டையும் மணப்பது பெரும்பாலும் இதே வினையால்தான்.

கொரிய வீடுகளில் கல்பியையும் புல்கோகியையும் சுடுவதற்கு முன் சோயாச் சாறு, பூண்டு, எள்ளெண்ணெய், பேரிக்காய்ச் சாறு ஆகியவற்றில் ஊறவைப்பார்கள். பேரிக்காயில் சர்க்கரை, சோயாச் சாற்றில் அமினோ அமிலம். வினைக்கு வேண்டிய இரு பொருள்களையும் அவர்கள் தாமே கூட்டித் தருகிறார்கள். மயார் பிறப்பதற்கு முன்பே அடுக்களையில் இந்த வேதியியல் நடந்துவந்தது என்பதை மறக்கலாகாது.

துதிக்கைக் குழாயின் இரகசியம்

சூடேறிய கொழுப்பு உருகிச் சொட்டுகிறது. கரிமீது விழுந்த துளி சிதைந்து புகையாகிறது; சில வேளை குப்பென்று பற்றுகிறது. இப்புகையில் பென்சோபைரீன் போன்ற தீய பொருள்கள் உண்டு. அவை புற்றுநோய் விளைவிக்கக் கூடியவை. அதனால்தான் கறுத்துப்போன வலையைப் பணியாளர்கள் அடிக்கடி மாற்றுகிறார்கள். கொழுப்பு மிகுந்த பன்றி இறைச்சிக்குச் சில விடுதிகளில் வலைக்குப் பதில் சரிவான இரும்புத் தட்டைப் பயன்படுத்துவதும் இதற்காகத்தான். உருகிய கொழுப்பு நெருப்பில் விழாமல் சரிவில் வழிந்து தனிக் கிண்ணத்தில் சேரும்.

தப்பிவரும் புகையைப் பிடிக்கவே தலைக்கு மேல் அந்தக் குழாய். மறுமுனையில் ஒரு விசிறி காற்றை உறிஞ்சுகிறது. ஆனால் குழாயை ஏன் அவ்வளவு தாழ்வாக இழுக்கவேண்டும்? கூரையிலேயே இருந்தால் இடைஞ்சல் இல்லையே?

மெழுகுவர்த்தி ஒன்றைக் கைநீளத் தொலைவிலிருந்து ஊதி அணைத்துவிடலாம். அதே தொலைவிலிருந்து காற்றை உறிஞ்சி அணைக்க முடியுமா? முடியாது. ஊதும்போது காற்று ஒரே திசையில் தாரையாகச் செல்கிறது. உறிஞ்சும்போதோ எல்லாத் திசையிலிருந்தும் காற்று வந்து சேர்கிறது. ஆகவே குழாய் வாயிலிருந்து விலக விலக, காற்றின் வேகம் தூரத்தின் இருமடிக்கு எதிர் விகிதத்தில் குறைகிறது. ஒரு சாண் தொலைவில் இருக்கும் வேகம், மூன்று சாண் தொலைவில் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். குழாய் தாழ்ந்தால்தான் பயன்.

இன்னும் ஒன்று. அறையிலிருந்து காற்றை வெளியேற்றினால் அதே அளவு காற்று உள்ளே வரவேண்டும். கதவும் சன்னலும் இறுகச் சாத்தியிருந்தால் விசிறி சுழலும், ஓசையும் கேட்கும், ஆனால் காற்று போதிய அளவு நகராது. வாயை மூடிய புட்டியிலிருந்து நீரை உறிஞ்ச முயல்வது போன்றதே அது.

சன்னல் ஏன் திறந்திருந்தது என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. மறுபாதிதான் முக்கியமானது.

புகையாத பகைவன்

கார்பன் தாராளமான காற்றில் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் கரிக்குவியலின் உட்பகுதியில் ஆக்சிஜன் குறைவு. அங்கே உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு மேலேயுள்ள சிவந்த கரியைக் கடந்து செல்லும்போது, மேலும் ஒரு கார்பன் அணுவைப் பற்றிக்கொண்டு, இரண்டு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளாக மாறுகிறது. கரிமீது சில வேளை மெல்லிய நீலச்சுடர் தவழ்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வாயு மேற்பரப்பில் எரிவதே அச்சுடர். எரியாமல் தப்பியது அறைக்குள் கலந்துவிடுகிறது.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. கண்ணைக் கரிக்காது, இருமல் வராது. ஆனால் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான நாட்டத்தோடு இதனைப் பற்றிக்கொள்ளும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். நாட்டம் 210 மடங்கு என்று கொள்ளுங்கள். காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு. கார்பன் மோனாக்சைடு வெறும் 0.1 விழுக்காடு இருந்தால் போதும், 0.1-ஐ 210-ஆல் பெருக்கினால் 21. இருவரும் சமபலம் பெற்றுவிடுகிறார்கள்! அக்காற்றையே நெடுநேரம் சுவாசித்தால் ஹீமோகுளோபினில் பாதி இவ்வாயுவின் வசமாகும். உயிருக்கே ஆபத்தான நிலை அது.

இந்த 0.1 விழுக்காட்டை உண்டாக்க எவ்வளவு கரி வேண்டும்? 4 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறையின் கொள்ளளவு 48 கன மீட்டர். அதாவது 48,000 லிட்டர். அதில் 0.1 விழுக்காடு 48 லிட்டர். 12 கிராம் கார்பனிலிருந்து ஏறத்தாழ 24 லிட்டர் கார்பன் மோனாக்சைடு கிடைக்கும். எனவே, காற்றோட்டமே இல்லாத அறையில் 24 கிராம் கார்பன் இவ்வாயுவாக மாறினால் போதும்.

மீண்டும் படித்துப் பாருங்கள். கிலோ அல்ல, 24 கிராம். ஓர் உள்ளங்கையில் அடங்கும் கரி.

அம்மையார் சொன்னது

உணவு முடிந்தபின், சன்னலைப் பற்றி அந்த அம்மையாரிடம் கேட்கச் சொன்னேன். ஆய்வு மாணவர் அவரை "இமோ" என்று அழைத்தார். தாயின் உடன்பிறந்தவளைக் குறிக்கும் சொல் அது. உணவு விடுதிப் பெண்மணிகளைக் கொரிய மக்கள் உரிமையோடு அப்படித்தான் அழைக்கிறார்கள்.

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ளக் கொரிய வீட்டைப் பற்றிச் சிறிது தெரியவேண்டும். அங்கே பழங்காலந்தொட்டு வீட்டின் தரையைச் சூடேற்றும் முறை உண்டு. அதற்கு "ஒண்டோல்" என்று பெயர். அடுப்பின் சூடான வாயு தரைக்கு அடியிலுள்ள கால்வாய்கள் வழியே சென்று மறுபுறம் வெளியேறும். மக்கள் சூடான தரைமீது படுத்துறங்குவர். முன்பு விறகு எரித்தார்கள். கொரியப் போருக்குப் பின் வந்த பல ஆண்டுகள் "யொண்டான்" என்னும் நிலக்கரிக் கட்டிகளை எரித்தார்கள். உருளை வடிவம்; ஒன்று சுமார் மூன்றரைக் கிலோ; காற்றுச் செல்ல மேலிருந்து கீழாகத் துளைகள். 22 துளை உள்ளவை பரவலாக வழங்கின. மலிவானவை, இரவு முழுதும் கனன்று எரிபவை.

விறகுப் புகை தரை வெடிப்பில் கசிந்தால் கண் எரியும், இருமி விழித்துக்கொள்ளலாம். யொண்டானில் புகை மிகக் குறைவு. கசிவது தெரியாது. 1960, 70-களில் குளிர்காலந்தோறும் இவ்வாயுவால் உறக்கத்திலேயே உயிரிழந்தோர் மிகப் பலர். மயங்கிக் கிடப்பவருக்கு முள்ளங்கி ஊறிய கிம்ச்சி நீரைப் புகட்டுவது அன்றைய நாட்டு வைத்தியம். அதனால் பயன் இல்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. பின்னர் எரிவாயு, எண்ணெய்க் கொதிகலன்கள் வந்தன. இன்று தரைக்கடியில் ஓடுவது சுடுநீர்க் குழாய்.

"என் அக்காள் ஒருத்தி இருந்தாள்," என்றார் அம்மையார். "பனி கொட்டிய இரவு. குளிர் புகாமலிருக்க அம்மா சன்னல் இடுக்கிலெல்லாம் காகிதம் ஒட்டினாள். காலையில் நான் விழித்தேன், அவள் விழிக்கவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. அதுமுதல் நெருப்பு இருக்கிற அறையில் சன்னலை நான் சாத்துவதில்லை."

அவருக்கு நான்மடி விதி தெரியாது. ஹீமோகுளோபின் கணக்கும் தெரியாது. ஆனால் இந்த நெருப்பில் காணாததுதான் முக்கியம் என்பதை நம்மில் பலரைவிட நன்றாகவே அறிந்திருந்தார். நான் மேலங்கியின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். சன்னல் திறந்தே இருந்தது.

நமக்கு என்ன?

இது தொலைநாட்டுக் கதை என்று எண்ணவேண்டாம். உதகை, கொடைக்கானல் போன்ற குளிரிடங்களுக்குச் சுற்றுலா சென்றவர்கள், வெளியே இறைச்சி சுட்டபின் கணகணப்புக்காக அதே கரியடுப்பை அறைக்குள் கொண்டுவந்து வைத்து உறங்கி, உயிரிழந்த செய்திகள் நாளிதழ்களில் வந்துள்ளன. "புகை அடங்கிவிட்டது, இனி உள்ளே வைக்கலாம்" என்பதே அவர்களை ஏமாற்றிய எண்ணம். புகை அடங்கியதால் ஆபத்து அடங்கிவிடுவதில்லை.

கரி கனலும் அறையில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் தோன்றினால் இவ்வாயுவை ஐயுறுங்கள். கதவு, சன்னல்களைத் திறந்துவிட்டு அனைவரையும் உடனே திறந்த வெளிக்குக் கொண்டுசெல்லுங்கள். நீங்களும் உள்ளே தங்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்திலுள்ள இவ்வாயு பாதியாகக் குறைய 4, 5 மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணிக்குள் பாதியாகும். எனவே தாமதம் கூடாது.

செய்து பாருங்கள்

1. உருளைக்கிழங்கை 5 மி.மீ., 10 மி.மீ. கனத்தில் இரண்டு வில்லைகளாக அரியுங்கள். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு இரண்டையும் கொதிநீரில் ஒரே நேரத்தில் இடுங்கள். ஊசி தடையின்றி நடுவரை இறங்க ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம்? விகிதம் நான்குக்கு அருகே வருகிறதா?

2. மெல்லிய காகித நாடா ஒன்றை நூலில் தொங்கவிடுங்கள். ஒரு சாண் தொலைவிலிருந்து ஊதுங்கள்; பிறகு அதே இடத்திலிருந்து உறிஞ்சுங்கள். எத்தனை விரற்கடை நெருங்கினால் உறிஞ்சும்போது நாடா அசைகிறது?

சிந்தித்துப் பாருங்கள்

1. கரியின் வெப்பநிலை 800 பாகையிலிருந்து 900 பாகைக்கு உயர்ந்தால் கதிர்வீசல் எத்தனை மடங்காகும்?

2. கொரியர்கள் துருப்பிடிக்காத எஃகுக் குச்சிகளால் சுடச்சுட உண்கிறார்கள். உலோகம் வெப்பங்கடத்தியாயிற்றே, விரல் ஏன் சுடுவதில்லை? செம்புக் குச்சியாக இருந்தால் என்ன ஆகும்?

3. உங்கள் வகுப்பறையின் நீள, அகல, உயரத்தை அளந்து, அதன் காற்றில் 0.1 விழுக்காடு கார்பன் மோனாக்சைடு உண்டாக எத்தனை கிராம் கார்பன் போதும் என்று கணக்கிடுங்கள். விடையை வீட்டிலுள்ளோரிடமும் சொல்லுங்கள்.